மதுரை வீதிகளில் தனி வழிகாட்டியோடு நடக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாக வீதிகள் விரிந்த ஊர் மதுரை. அதை வண்டியில் பார்க்க முடியாது, நடந்துதான் பார்க்க வேண்டும். கூட்டத்தோடு போகாமல் உங்கள் குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ மட்டும் ஒரு வழிகாட்டியை அமர்த்தி நடக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

தனி வழிகாட்டி எதற்கு? போனில் வரைபடம் இருக்கிறதே?

முதல் காரணம், கோயிலுக்குள் போன் போகாது. 2018 பிப்ரவரியில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு தடை இறுக்கமாகிவிட்டது. கேமராவும் கூடாது. ஆக, நீங்கள் அதிக நேரம் செலவிடப்போகும் இடத்தில் வரைபடமும் இல்லை, தேடிப் படிக்க வழியும் இல்லை.

இரண்டாவது, மதுரையில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குப் பலகையே கிடையாது. வளையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் நிற்கும் மொட்டைக் கல்தூண், கட்டி முடியாத ராயகோபுரத்தின் மிச்சம் என்று யாராவது கைகாட்டினால்தான் தெரியும். கோயிலுக்குள் தரிசனம் மட்டும் போதும் என்பவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. வெளியே உள்ள வீதிகளுக்குத்தான் அவர் வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோயிலுக்குள் ஒருவரை அமர்த்தி, வெளியே வந்ததும் அனுப்பிவிட்டுத் தாங்களாக அலைகிறார்கள்.

எத்தனை மணிக்குத் தொடங்குவது?

காலை 6 மணி. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

கோயில் நடை காலை 5 மணிக்குத் திறந்து, மதியம் 12:30 மணிக்குச் சாத்தப்படும். மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். காலை 9 மணிக்கு ஓட்டலில் இட்லி சாப்பிட்டு, 10 மணிக்குக் கிளம்பி, 10:30க்கு வரிசையில் நிற்பவர்களின் கதை எப்போதும் ஒன்றுதான். தரிசனம் முடியும்போது நடை சாத்துகிற நேரம் நெருங்கிவிடும். ஆயிரங்கால் மண்டபத்தை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தரை கொதிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் கருங்கல் பாவிய சித்திரை வீதியில் வெறுங்காலோடு ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

காலை சரிப்படாதவர்களுக்கு மாலை 4:30 நல்ல நேரம். ஆனால் காலையையும் மாலையையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். முதல் நாள் மாலை மேற்குப் பக்கம், மறுநாள் காலை கிழக்குப் பக்கம் என்று பிரித்தால் கால் தாங்கும்.

செருப்பை எங்கே விடுவது? சாதாரணக் கேள்விதான், ஆனாலும்…

சாதாரணக் கேள்வி இல்லை. மதுரை நடையில் அதிகம் பிசகுவது இங்கேதான்.

கோயிலுக்கு நான்கு திசையிலும் கோபுர வாசல். கிழக்கில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு உள்ளே போகிறீர்கள். பிரகாரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியதும் திசை மறந்துபோகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள்தான். கிழக்கு என்று நினைத்துத் தெற்கு வாசலில் வெளியே வந்தால், வெறுங்காலோடு வீதி வழியே திரும்ப நடக்க வேண்டும். வயதானவர்கள் உடன் இருந்தால் இதிலேயே அன்றைய நடை முடிந்துபோகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த வாசலில் வெளியே வரப்போகிறோம் என்று வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள், செருப்பை அங்கே விடுங்கள். டோக்கனைப் போன் வைத்திருப்பவர் ஒருவரே வாங்காமல் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிரிந்துவிட்டால் சேரும் இடம் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். பொற்றாமரைக்குளத்தின் தென்கரைப் படிகள் நல்ல இடம். திறந்தவெளி, யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். போன் இல்லாததால் கைபேசிவழிப் பணமும் கிடையாது. சில்லறையாக ஒரு 300, 400 ரூபாய் சட்டைப்பையில் இருக்கட்டும்.

உடை?

அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை ஆகாது. வேட்டி, பேன்ட், புடவை, சுடிதார் எதுவானாலும் பருத்தியாக இருந்தால் உடம்பு நன்றி சொல்லும். குளிர்காலம் என்று நம்பிக் கம்பளிச் சட்டை எடுத்து வராதீர்கள், மதுரையில் அதற்கு வேலை வராது.

இந்து அல்லாத நண்பர் உடன் வருகிறார். அவரை என்ன செய்வது?

வரட்டும். மூலவர் சன்னதிகளுக்குள் மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது. பொற்றாமரைக்குளம், கிளிக்கூண்டு மண்டபம், ஆயிரங்கால் மண்டபம், ஆடி வீதிகள் எல்லாம் பார்க்கலாம். நீங்கள் தரிசனத்துக்குப் போகும் நேரத்தில் அவர் எங்கே, யாரோடு இருப்பார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வழிகாட்டி அவரோடு நிற்பதுதான் முறை. சன்னதிக்குள் வழிகாட்டிக்குப் பேசவும் இடம் இருக்காது, நேரமும் இருக்காது.

தரிசனத்தையும் நடையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்து சேருங்கள். வழிகாட்டிக்கு நீங்கள் கொடுப்பது நேரத்துக்கான கூலி. பொது வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஒரு மணி நேரம் அவரும் உங்களோடு நிற்கிறார். 50, 100 ரூபாய்ச் சிறப்பு தரிசனச் சீட்டுகள் உண்டு. அவற்றை வாங்கினாலும் வெள்ளிக்கிழமை மாலை, பௌர்ணமி, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் காலம் ஆகியவற்றில் வரிசை நகராது. முதல் நாள் இரவோ அதிகாலை 5 மணிக்கோ நீங்களாகப் போய்க் கும்பிட்டுவிட்டு, 6 மணிக்கு வழிகாட்டியைச் சந்திப்பது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு.

காலை நடை ஒன்றுக்கு ஒரு வழித்தடம் சொல்லுங்களேன்.

மூன்றரை, மூன்றேமுக்கால் மணி நேரத்தில் கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகால் வரை, எல்லாம் கிழக்கும் தென்கிழக்கும்.

6 மணிக்குக் கீழச் சித்திரை வீதி. வண்டிகள் இல்லாத வீதி, அந்நேரம் காற்று வரும். அம்மன் சன்னதிக்கு நேரே உள்ள அஷ்டசக்தி மண்டபத்தின் வழியாக உள்ளே நுழையுங்கள். மதுரையில் அம்மனை முதலில் பார்த்துவிட்டுத்தான் சுவாமியிடம் போவது. பொற்றாமரைக்குளம், முக்குறுணி விநாயகர், கம்பத்தடி மண்டபம் என்று போய் ஆயிரங்கால் மண்டபத்தில் முடிக்க ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். ஆயிரங்கால் என்று பெயர், தூண்கள் 985தான். மண்டபத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, தனிச்சீட்டு. காலையில் அது திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

7:45 வாக்கில் வெளியே வந்து காலை உணவு. சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம், அடுத்த பகுதியில் நிழல் குறைவு.

8:15க்குக் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் இது. பெயரில் மட்டும்தான் புதுசு, வயது நானூறை நெருங்குகிறது. அண்மைக் காலம் வரை ஒவ்வொரு தூணுக்கும் ஒரு தையல் மெஷின், ஒரு புத்தகக் கடை, ஒரு குங்குமக் கடை என்று நிறைந்திருந்தது. அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே போக முடியுமா என்பது அன்றன்றைக்குப் பார்க்க வேண்டியது. அதற்குக் கிழக்கே, எழுகடல் தெருவில், முடியாமல் நின்றுபோன ராயகோபுரம். அடித்தளத்தின் அகலத்தையும் நிலைக்கால் தூண்களின் உயரத்தையும் பார்த்தாலே முடிந்திருந்தால் எவ்வளவு பெரிதாயிருக்கும் என்று புரியும். பக்கத்திலேயே விட்டவாசல். பாண்டியர் கோட்டையை இடித்தபோது இடிக்காமல் விட்ட வாசல், அதனால் அந்தப் பெயர்.

அங்கிருந்து கீழமாசி வீதியில் தேர் நிற்கும் இடமான தேர்முட்டி, அப்படியே தெற்கே விளக்குத்தூண். வார்ப்பிரும்பு விளக்குக் கம்பம் ஒன்று நடுவீதியில் நிற்கும். 1840களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலப்படுத்திய கலெக்டர் பிளாக்பர்னுக்கு ஊரார் வைத்தது. பக்கத்துச் சந்தில் பத்துத்தூண். நாயக்கர் அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியில் மிஞ்சியவை. துணிக்கடைகளின் தட்டிகளுக்குப் பின்னால் தூண்கள் ஒளிந்திருப்பதால், அண்ணாந்து பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

9 மணிக்குத் திருமலை நாயக்கர் மகால் திறக்கும். 1636இல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான். சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். 248 தூண்கள். தூணைத் தொட்டுப் பாருங்கள், பலர் நினைப்பதுபோல் ஒரே கல் இல்லை. உள்ளே கல்லும் செங்கலும், மேலே சுண்ணாம்புச் சாந்து. பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரியும். நல்ல வழிகாட்டி உங்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். 9:30, 9:45க்கு முடித்து ஆட்டோ ஏறுங்கள்.

மாலை நடை?

4:30 மணிக்குப் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் தொடங்கலாம். நாயக்கர் கோட்டையின் கொத்தளம் ஒன்று அங்கே மிஞ்சியிருக்கிறது. அடுத்து கூடலழகர் கோயில். அஷ்டாங்க விமானத்தில் பெருமாள் இருந்தும் நின்றும் கிடந்தும் மூன்று தளங்களில் சேவை சாதிக்கிறார். காஜிமார் பெரிய பள்ளிவாசலும் இந்தப் பக்கம்தான். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுப் போக வேண்டும்.

பிறகு மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறியது இந்த வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில். இப்போது அது கதர்க் கடை. துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு வரலாம். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சித்திரை வீதிக்கு வந்துவிட்டால் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். தெற்குக் கோபுரம்தான் உயரம், சுமார் 170 அடி. தெற்குச் சித்திரை வீதியில் நின்றால் கழுத்து வலிக்கும்.

இரவு 9 மணி வாக்கில் பள்ளியறை பூஜை. சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருள்வார். நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாகப் பல்லக்கு பிரகாரத்தில் திரும்பும் அந்தச் சில நிமிடங்களில் வழிகாட்டி வாயைத் திறக்கவே கூடாது. 8:30க்குள் உள்ளே இருந்தால்தான் இடம் கிடைக்கும்.

நல்ல வழிகாட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சுற்றுலாத் துறை அடையாள அட்டை. பெயர், படம், செல்லுபடியாகும் தேதி மூன்றையும் பாருங்கள். கோபுர வாசலில் “சார், பத்தே நிமிஷம், எல்லாம் சொல்றேன்” என்று பின்னால் வருபவரிடம் அட்டை இருக்காது.

அட்டை இருந்தால் மட்டும் போதாது. போனில் பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். “சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?” திருக்கல்யாண விழாவை மாசியிலிருந்து சித்திரைக்குத் திருமலை நாயக்கர் மாற்றினார் என்பது ஊரில் சொல்லும் காரணம். மாதம் மாறியது, வீதி மாறவில்லை. “வடம்போக்கித் தெரு என்றால் என்ன?” மாசி வீதி முனையில் தேர் திரும்ப வேண்டும். வடத்தின் நீளமோ வீதியின் அகலத்தைப் போலப் பல மடங்கு. இழுப்பவர்கள் நேரே மேலும் போக இடம் இல்லாவிட்டால் தேர் முனைக்கு வந்து சேராது. அதற்காக முனையைத் தாண்டியும் நேர்கோட்டில் ஒரு தெரு விட்டார்கள், வடம் போக, வடம்போக்கி. இதைத் தானாகச் சொல்கிறவர் வீதிகளை அறிந்தவர். “அதெல்லாம் சும்மா பேருங்க” என்றால் அவர் கோயிலோடு நிற்பவர்.

மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று தொடங்கி அதிலேயே பத்து நிமிடம் போக்குகிறவரை அடுத்த முறை அழைக்காதீர்கள்.

கட்டணத்தை எப்படிப் பேசுவது?

தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். தனி நடை என்றால் குழுவுக்கு மொத்தமாக, அரை நாள் அல்லது முழு நாள் என்றுதான் பேச வேண்டும். அதில் கோயில் சீட்டு, மகால் சீட்டு, ஆட்டோ, காலை உணவு எவை சேர்ந்தவை, எவை உங்கள் செலவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் கூடினால் மணிக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். மழையிலோ உடம்பு முடியாமலோ ரத்து செய்தால் முன்பணம் என்னாகும் என்பதையும் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் மாசி வீதிகளில் தண்ணீர் நிற்கும், அன்று நடக்கவே முடியாது.

ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர் அளவு. எட்டைத் தாண்டினால் பத்துத்தூண் சந்தில் பின்னால் வருபவர்களுக்கு அவர் குரல் கேட்காது, முன்னால் டூவீலர் ஹாரன்தான் கேட்கும்.

கடைக்குக் கூட்டிப்போவார்களாமே?

போவார்கள். “மாடியிலிருந்து கோபுரம் முழுசாகத் தெரியும், இலவசம்” என்பது கோயிலைச் சுற்றியுள்ள கைவினைக் கடைகளின் பழைய தூண்டில். மாடியில் காட்சி நன்றாகத்தான் இருக்கும். இறங்கி வரும் படிக்கட்டு மட்டும் மூன்று தளச் சரக்குக்கு நடுவே போகும். நீங்கள் வாங்கினால் வழிகாட்டிக்குப் பங்கு. “கடை வேண்டாம்” என்று பேசும்போதே சொல்லிவிட்டால் நல்லவர்கள் மனத்தாங்கல் கொள்ள மாட்டார்கள்.

வாங்க ஆசையிருந்தால் நீங்களே இடத்தைச் சொல்லுங்கள். தெற்கு மாசி வீதியும் விளக்குத்தூண் சுற்றுவட்டாரமும் துணிக்கு, தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கு. சுங்குடிச் சேலை வாங்கினால் பிரித்துப் பாருங்கள். கையால் முடிச்சிட்டுச் சாயம் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, முடிச்சு இருந்த இடம் விரலுக்கு மேடாகத் தட்டும். தட்டையாக, அச்சடித்த மாதிரி வரிசையாக இருந்தால் அது அச்சடித்ததுதான். விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

சாப்பாடு?

ஜிகர்தண்டாவைக் காலை நடையில் சேர்க்காதீர்கள், அதற்கு வெயில் ஏற வேண்டும். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் நின்றபடியே குடித்துவிட்டுப் போவது வழக்கம். மாலை நடைக்குப் பருத்திப்பால் பொருத்தம். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டுச் சுக்கும் ஏலமும் தட்டிக் காய்ச்சுவது. சூடாகத்தான் குடிக்க வேண்டும், ஆறினால் கெட்டிப்பட்டுவிடும். கறிதோசையும் கோலா உருண்டையும் நடை முடிந்த பிறகு. வயிறு நிறைய அசைவம் சாப்பிட்டுக் கோயிலுக்குள் போக உங்களுக்கே மனம் வராது.

முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்து வரலாமா?

வரலாம். கோயிலில் உயரமான வாசற்படிகள் பல, ஒவ்வொன்றிலும் கை கொடுக்க ஒருவர் வேண்டும். சித்திரை வீதியில் பேட்டரி கார் ஓடுகிறது. கோயிலையும் மகாலையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் ஆட்டோ பிடித்தால் போதும். மாசி வீதி ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

காரை எங்கே நிறுத்துவது?

வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு நிறுத்தகம் இருக்கிறது. ரயிலில் வந்தால் ஜங்ஷனிலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாகப் பதினைந்து நிமிடத்தில் மேலக் கோபுரத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.

எந்த நாட்களில் வரக்கூடாது?

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. சித்திரைத் திருவிழாவைப் பார்க்க வேண்டும்தான், ஆனால் அது நடைக்கான நாள் இல்லை. திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மூன்றிலும் வழிகாட்டிக்கு உங்களைக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும். ஊர்ச் சொந்தக்காரர் யாராவது மாசி வீதியில் மாடி வீட்டில் இருந்தால், அந்த மூன்று நாளும் அங்கே போய் உட்காருங்கள்.

திருப்பணி நடக்கும் காலத்தில் கோபுரங்களைச் சாரம் கட்டி மூடிவிடுவார்கள். படத்துக்காகவே வருபவர்கள் வண்டிச் சீட்டு எடுக்கும் முன் வழிகாட்டியிடம் கோபுரத்தின் அன்றைய படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்.